அஸ்தம்பட்டி நீதிமன்றச் சந்து மொழிபெயர்ப்பு அலுவலகம்: ஒரு வாடிக்கையாளரின் மதிப்பீடு

லண்டனில் வசிக்கும் என் தங்கையின் குடியேற்ற அனுமதி 2025 ஜூலையில் முடிவடைய இருந்தது. அதை நீட்டிப்பதற்கான விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய சேலத்துப் பத்திரங்களை ஆங்கிலமாக்குவதற்காக, மே மாதக் கடைசியில் சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள இந்த அலுவலகத்தின் படியேறினேன். பலகையில் ‘மொழிபெயர்ப்பு, நோட்டரி, ஜெராக்ஸ்’ என்று மட்டுமே எழுதியிருக்கிறது. விசாவுக்கு உத்தரவாதம் என்னும் வண்ணப் பலகைகளைப் பார்த்துச் சலித்திருந்த எனக்கு அந்த அடக்கமே முதலில் பிடித்திருந்தது.

தங்கை மணமுறிவு பெற்றவர். அவருடைய மகன் பிரிட்டிஷ் குடிமகன், வயது ஒன்பது. விண்ணப்பத்தின் அடிப்படை மனித உரிமை, அதாவது குடும்ப வாழ்க்கையையும் தனிப்பட்ட வாழ்க்கையையும் அரசு மதிக்க வேண்டும் என்னும் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8-ஆம் பிரிவு. இப்பிரிவைப் பிரிட்டனின் நீதிமன்றங்களிலேயே கோருவதற்கு 1998-ஆம் ஆண்டின் மனித உரிமைச் சட்டம் வழி செய்தது. அந்தக் குழந்தையை நாட்டை விட்டுப் போகச் சொல்வது நியாயமா என்பதே இத்தகைய விண்ணப்பங்களில் மையக் கேள்வியாகிறது. ஆகவே, தாயும் மகனும் சேலத்துக்குத் திரும்பினால் அவர்களுக்கு இங்கே என்ன இருக்கிறது என்பதைக் காகிதத்தில் காட்டுமாறு லண்டன் வழக்கறிஞர் கேட்டிருந்தார்.

நான் கொண்டுபோனவை தங்கையின் பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், குடும்ப அட்டை, அப்பாவின் மருத்துவக் கடனுக்காக 2021-ல் விற்ற அம்மாப்பேட்டை வீட்டின் கிரயப் பத்திர நகல், நான் எழுதிய ஒரு கடிதம் ஆகியவை. மொத்தம் பதினான்கு பக்கங்கள். அங்குள்ள மொழிபெயர்ப்பாளர் நீதிமன்றப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். கிரயப் பத்திரத்தின் செக்குபந்தியை, அதாவது மனையின் எல்லை விவரத்தை, நான்கு எல்லைகளும் இடம் மாறாமல், ஆங்கிலத்தில் படித்தாலும் அதே மனை கண்முன் நிற்கும்படி அவர் எழுதியிருந்ததைப் பார்த்தபோது, கொடுத்த பணம் வீணாகவில்லை என்று தோன்றியது. அப்பாவின் பெயர் ஒரு சான்றிதழில் முழுமையாகவும் இன்னொன்றில் தலைப்பெழுத்தாகவும் இருந்ததை அவர் தாமாகத் திருத்தவில்லை. மூலத்தில் உள்ளபடியே எழுதி, இருவரும் ஒருவரே என்பதற்குத் தனியாக ஓர் உறுதிமொழி தயாரிக்கச் சொன்னார்.

இந்த அலுவலகத்தைப் பற்றி நான் எழுத முனைந்ததற்குக் காரணம் வேறொன்று. என் கடிதத்தில், அம்மாவும் நானும் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருக்கிறோம், எங்களைத் தவிர தங்கைக்கு இம்மாவட்டத்தில் உறவினர் எவரும் இல்லை என்று எழுதியிருந்தேன். மறுநாள் மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, யாரும் இல்லைன்னு கடிதத்துல எழுதியிருக்கீங்க. பத்திரத்துல சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஏற்காட்டு அம்மா யாருங்க?” அவர் எங்கள் சித்தி. காப்பித் தோட்டத்து லைன் வீட்டில், எழுபது வயதில், மகனின் கூலியை நம்பி வாழ்கிறார். அவரால் யாருக்கும் ஆதரவு தர முடியாது என்பதால் அவரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பொய் சொல்ல எண்ணியதில்லை என்றாலும், எழுதியது பொய்தான். ஒரே தொகுப்பில் உள்ள இரண்டு காகிதங்கள் ஒன்றையொன்று மறுத்தால், பிரிட்டனின் உள்துறை அதைத் தவறான தகவல் என்று கொண்டு விண்ணப்பத்தையே நிராகரிக்க இடமுண்டு. சித்தியின் நிலையை உள்ளபடியே இரண்டு பத்தியாக எழுதிக் கொடுத்தேன். முன்னதைவிட அது வலுவான கடிதம் என்று வழக்கறிஞரும் சொன்னார்.

அந்தக் கடிதத்தை இன்னும் உருக்கமாக்கித் தர முடியுமா என்று கேட்டதற்கு மொழிபெயர்ப்பாளர் மறுத்துவிட்டார். எந்தப் படிவம், எந்தப் பிரிவு என்று கேட்டதற்கும், அதை லண்டன் வழக்கறிஞரிடமே கேட்கச் சொன்னார். பிரிட்டனுக்குள் குடியேற்ற ஆலோசனை வழங்க அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

குறையும் உண்டு. நான்கு நாளில் தருவதாகச் சொன்ன வேலை ஒன்பது நாள் இழுத்தது. ஒருநாள் காத்திருந்தே எதிர்க்கடையில் இரண்டு தட்டுவடை செட் தின்று முடித்தேன். அதைவிடப் பெரிய பிழை, சரியான மொழிபெயர்ப்பு என்னும் உறுதிமொழியை முதல் பக்கத்தில் மட்டும் வைத்து, பதினான்கு பக்கங்களையும் ஒரே கட்டாகத் தைத்துக் கொடுத்தது. ஒவ்வோர் ஆவணத்துக்கும் தனித்தனியாக அந்த உறுதிமொழி, தேதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், கையொப்பம், தொடர்பு விவரம், தகுதி ஆகியவை வேண்டும் என்று வழக்கறிஞர் திருப்பி அனுப்பினார். மறுபடி செய்ததற்குப் பணம் வாங்கவில்லை. ஆனால் அனுமதி முடியும் நாளுக்கு ஒரு வாரமே மிச்சமிருந்தது. அந்த நாளுக்குள் விண்ணப்பித்தால்தான் முடிவு வரும்வரை பழைய அனுமதி சட்டப்படி தொடரும், வேலையும் தொடரும். அன்றைய இரவுகளை நினைத்தால் ஒரு நட்சத்திரத்தைக் குறைக்காமல் இருக்க முடியவில்லை.

அப்போது, 2025-ல், விண்ணப்பக் கட்டணம் 1,321 பவுண்டு; நீட்டிப்புக் காலமான முப்பது மாதத்துக்கு, பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவைக்காகக் குடியேறிகள் செலுத்தும் கூடுதல் கட்டணம் 2,587.50 பவுண்டு. இவற்றின் முன் இங்கே நான் கொடுத்த 6,300 ரூபாய், பக்கத்துக்கு 450 வீதம், பெரிதன்று. நோட்டரி முத்திரைக்கென்று தனியாக எதுவும் வாங்கவில்லை. அந்நாடு மொழிபெயர்ப்புக்கு அதைக் கேட்பதில்லை என்று அவரே சொல்லி, முத்திரைக்கு நான் எடுத்து வைத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

முடிவு இன்னும் வரவில்லை. நிலுவையில் இருக்கும்போது வெளிநாடு சென்றால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகக் கருதிவிடுவார்கள் என்பதால், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குத் தங்கை வரவில்லை. செல்பவர்கள் உறுதிமொழியில் என்னென்ன வேண்டும் என்பதை முன்கூட்டியே தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மதியம் ஒன்றரை முதல் மூன்று வரை கதவு சாத்தியிருக்கும்.