ரூட் பார்ட்டிஷன்: எக்ஸ்ட்4-லேயே இருக்கலாமா, பட்டர்எஃப்எஸ்ஸுக்கு மாறலாமா?

லினக்ஸில் மின்ட்டோ உபுண்டுவோ ஓராண்டு ஓட்டி, டெர்மினல் பயமும் போனபிறகு சிஸ்டத்தைப் புதிதாக நிறுவுகிறீர்கள் என்றால், ரூட் பார்ட்டிஷனுக்கு (சிஸ்டம் குடியிருக்கும் டிஸ்க் பகுதி) ஃபைல்சிஸ்டம் கேட்கும் இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைதான் ஃபைல்சிஸ்டம்; எக்ஸ்ட்4 (ext4), பட்டர்எஃப்எஸ் (btrfs) இரண்டும் அப்படிப்பட்டவை. ஒற்றை எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்புக்கு என் ஓட்டு பட்டர்எஃப்எஸ்ஸுக்குத்தான்.

எக்ஸ்ட்4 பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2008-லிருந்து கெர்னலில் (லினக்ஸின் மையப்பகுதி) நிலைத்து நிற்கிறது, பராமரிப்பே கேட்காது. அன்றாட வேலையில் வேக வித்தியாசமும் பெரிதாகத் தெரியாது. பட்டர்எஃப்எஸ்ஸும் சோதனைக்கூடச் சரக்கல்ல. இன்னொரு லினக்ஸ் வகையான ஃபெடோரா ஒர்க்ஸ்டேஷன் 2020-ல் வந்த 33-ஆம் பதிப்பிலேயே அதை இயல்பாக்கிவிட்டது.

முடிவைத் தீர்மானிப்பது ஒன்றுதான்: அப்டேட் சொதப்பினால் பழைய நிலைக்கு எவ்வளவு சுலபமாகத் திரும்பலாம்? சிஸ்டத்தின் நிலையைச் சேமித்து மீட்டுத் தரும் டைம்ஷிஃப்ட் (Timeshift) மென்பொருள் இரண்டிலும் ஓடும். எக்ஸ்ட்4-ல் அது ஆர்சிங்க் (rsync) என்ற நகலெடுக்கும் கருவி வழியே கோப்பு கோப்பாக நகலெடுக்கும். முதல் நகல் ஏறக்குறைய முழு சிஸ்டத்தின் இடத்தையும் பிடிக்கும். மீட்கும்போதும் காத்திருக்க வேண்டும். பட்டர்எஃப்எஸ்ஸில் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) ஓரிரு விநாடி வேலை, எடுத்த நேரத்தில் இடமும் பிடிக்காது. மீட்பதென்றால் பழைய சப்வால்யூமை (பார்ட்டிஷனுக்குள் தனியாகக் கையாளக்கூடிய உட்பிரிவு) மாட்டி ரீபூட் செய்வதுதான். ஒரு நிபந்தனை: ரூட் சப்வால்யூமின் பெயர் @, உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோமுடையது @ஹோம் (ஆங்கிலச் சிற்றெழுத்தில்) என்று இருப்பதைத்தான் டைம்ஷிஃப்ட் இயல்பாக எதிர்பார்க்கும். மின்ட் நிறுவியும் உபுண்டுவின் பழைய நிறுவியும் அப்படித்தான் வைக்கும்; உபுண்டுவின் புதிய நிறுவியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டெபியன் நிறுவி வேறு பெயர் வைப்பதால் கையால் மாற்ற வேண்டியிருக்கலாம்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம், கெர்னல் இருக்கும் பூட் பார்ட்டிஷன். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து நிறுவினால் அது பெரும்பாலும் தனி எக்ஸ்ட்4 பார்ட்டிஷனாக இருக்கும், ஸ்னாப்ஷாட்டில் சேராது. ரூட்டைப் பழைய நிலைக்குத் திருப்பியதும் புதிய கெர்னல் பூட் ஆகும், அதற்கான மாட்யூல்கள் (வைஃபை, ஒலி போன்றவற்றை இயக்கும் துணைக்கோப்புகள்) பழைய ரூட்டில் இருக்காது. வைஃபை வராது, சத்தம் வராது. கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

இரண்டாவது தொல்லை இடம். டாக்கர் இமேஜ்கள் (மென்பொருள்களை அடைத்துவைத்த பெரிய கோப்புகள்) 20 ஜிபியை அழித்தும் காலி இடம் கூடவில்லையா? பழைய ஸ்னாப்ஷாட் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும். ஐந்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். இடம் இருப்பதாகக் காட்டியும் 'டிஸ்க் நிறைந்தது' என்று பிழை வந்தால், மெட்டாடேட்டாவுக்கு (கோப்புகளைப் பற்றிய குறிப்புகள்) ஒதுக்க இடம் தீர்ந்திருக்கலாம். பட்டர்எஃப்எஸ்ஸின் பேலன்ஸ் கட்டளையை டேட்டா யூசேஜ் (dusage) வடிகட்டியோடு 10 சதவீதத்தில் தொடங்கி 30, 50 என்று ஓட்டினால் அரைகுறையாக நிரம்பிய துண்டுகள் ஒன்றுசேர்ந்து இடம் விடும். எக்ஸ்ட்4 வைத்திருப்பவருக்கு இந்த வேலையே கிடையாது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) இமேஜ், டேட்டாபேஸ் இரண்டும் பட்டர்எஃப்எஸ்ஸின் காப்பி-ஆன்-ரைட்டில் (பழையதன் மேல் எழுதாமல் மாற்றத்தைப் புது இடத்தில் எழுதும் முறை) துண்டு துண்டாகிவிடும். அவற்றுக்கான ஃபோல்டர் காலியாக இருக்கும்போதே சாட்டர் (chattr +C) கட்டளையால் காப்பி-ஆன்-ரைட்டை நிறுத்திவிட வேண்டும். ஏற்கெனவே உள்ள கோப்புகளுக்கு அது பலிக்காது. ஸ்வாப் ஃபைலை (ரேம் போதாதபோது பயன்படும் கோப்பு) தனி சப்வால்யூமில் போடுங்கள். ரூட்டிலேயே அது இயங்கிக்கொண்டிருந்தால் ஸ்னாப்ஷாட் எடுக்கவே விடாது.

பல டிஸ்க் சேர்த்த சர்வருக்கு இந்த அலசலை அப்படியே பொருத்த வேண்டாம். குறிப்பாக பட்டர்எஃப்எஸ்ஸின் ரெய்டு 5, 6 (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்று போனாலும் தரவைக் காக்கும் முறைகள்) பக்கம் போகாதீர்கள்; அதை உருவாக்குபவர்களே இன்னும் பரிந்துரைப்பதில்லை. நாள் முழுக்க விர்ச்சுவல் மெஷின்தான் வேலை என்றாலும் எக்ஸ்ட்4-ஐ விட்டு நகர வேண்டியதில்லை.