பத்தாயிரம் அடி கேட்ட கைப்பட்டை: ஐந்து மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

சர்க்கரை கூடியிருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்ன வாரத்தில், 68 வயதான என் அப்பாவுக்கு நடைக்கணக்குக் காட்டும் கைப்பட்டை ஒன்றை 1,900 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன். ஐந்து மாதங்களாக அதைக் கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதிகளைச் சுற்றி வருகிறார். கருவியாகப் பார்த்தால் பெரிய குறை இல்லை. திரை வெயிலிலும் தெளிவாகத் தெரிகிறது. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் ஒன்பது நாள் தாங்குகிறது.

கணக்கின் துல்லியத்தைச் சோதிக்க, அப்பாவுடன் நடந்து 1,000 அடிகளை நானே எண்ணினேன். பட்டை 968 காட்டியது. ஆனால் பட்டை கட்டிய கையிலேயே காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது, அதே அளவு நடைக்கு 610தான் வந்தது. கை வீசினால்தான் அதற்கு அடி என்று புரிகிறது. அம்மா அதைக் கட்டிக்கொண்டு முறத்தில் அரிசி புடைத்தபோது, உட்கார்ந்த இடத்திலேயே எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. அன்றாடப் பயன்பாட்டுக்கு இந்தப் பிழைகள் பொருட்டல்ல.

என் மனத்தாங்கல் இதன் செயலியைப் பற்றியது. நாளுக்கு 10,000 அடி என்ற இலக்கோடுதான் அது தொடங்குகிறது. இலக்கை எட்டிய நாள்களைத் தொடராக எண்ணிக்கொண்டே வந்து, ஒரு நாள் தவறினால் சுழியத்துக்குத் திரும்பிவிடுகிறது. அப்பா முழங்கால் வலியையும் பொறுத்துக்கொண்டு, காலையும் மாலையுமாக 23 நாள் நடந்தார். 24ஆம் நாள் ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. மறுநாள் காலை திரையில் சுழியத்தைப் பார்த்தவர், "இத்தனை நாள் நடந்ததும் போச்சா?" என்று கேட்டுவிட்டுப் பட்டையைக் கழற்றி டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். அடுத்த ஒன்பது நாள் அவர் வாசல் தாண்டவில்லை. நடக்கத் தூண்ட வேண்டிய பொருளே அவரை உட்கார வைத்துவிட்டதே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அந்த 10,000 மருத்துவ ஆய்விலிருந்து பிறந்த எண்ணும் அல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு மறு ஆண்டு, 1965இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மான்போ-கேய்' என்ற நடைமானியின் பெயருக்கே 'பத்தாயிரம் அடி மானி' என்றுதான் பொருள்; விற்பனைக்காக வைத்த பெயர் உலகத்துக்கே இலக்காகிவிட்டது. சராசரியாக 72 வயதுள்ள 16,741 பெண்களிடம் ஐ-மின் லீ குழுவினர் நடத்தி 2019இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், நாளுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தென்படவில்லை. மருத்துவரிடமும் கேட்டுக்கொண்டு அப்பாவின் இலக்கை 5,000ஆக மாற்றினேன். அந்த அமைப்பைச் செயலியில் நான்கு திரைகள் தாண்டித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. வயதானவர்கள் தாங்களாகத் தேடி மாற்றிக்கொள்வது கடினம். தொடர் நாள் கணக்கை மறைப்பதற்கோ வழியே இல்லை.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி 96 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதும் அதில் தெரிந்தது. இதை அப்பாவிடம் விளக்கிச் சொன்ன பிறகுதான் அவர் மறுபடியும் பட்டையைக் கையில் எடுத்தார். இப்போது காலைக் காபி குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் பட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். நேரம் பார்ப்பதில்லை, காபிதான் மணி.

வாங்க நினைப்பவர்கள், முதியவருக்குக் கொடுக்கும் முன் நீங்களே இலக்கைக் குறைத்து, அறிவிப்புகள் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். ரப்பர் வாருக்கு அடியில் வியர்வை தங்கி அப்பாவுக்கு ஒருமுறை அரிப்பு வந்ததால், இரவில் கழற்றித் துடைத்து வைக்கிறோம். செயலியை அவர் திறப்பதே இல்லை. நடந்து திரும்பியதும் பட்டையில் தெரியும் எண்ணை, சமையலறை மாதக் காலண்டரில் அம்மாவின் பால் கணக்குக்குக் கீழே பென்சிலால் எழுதுகிறார். மழை பெய்த நாளின் கட்டம் அதில் வெறுமனே இருக்கிறது. அதற்கு முந்தைய 23 நாளின் எண்களையும் செயலியைப் பார்த்து அவர் கேட்டபடி நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.