அலுமினா–சிர்கோனியா கட்டுரையை எந்த ஆய்விதழுக்கு அனுப்பலாம்?

செராமிக் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்கள் பெரும்பாலும் சோதனைகளையெல்லாம் முடித்த பிறகுதான் எந்த ஆய்விதழுக்கு அனுப்புவது என்று கேட்கிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. பொடியை எந்த அச்சில் அழுத்தினோம், எத்தனை மாதிரிகள் செய்தோம் என்பதிலேயே பாதி இதழ்களின் கதவு மூடிவிடும். தாக்கக் காரணியை (இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்) மட்டும் பார்த்து இதழைத் தேர்வு செய்யும் பழக்கம் நம் கல்லூரிகளில் வேரூன்றியிருக்கிறது. நம் கையில் உள்ள சான்று எந்த இதழின் மதிப்பீட்டுக்கு ஈடுகொடுக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

ஒரு கட்டுரையை மனத்தில் வைத்துக்கொண்டே பேசலாம். அலுமினாவோடு (அலுமினிய ஆக்சைடு) சிறிதளவு சிர்கோனியா (சிர்கோனிய ஆக்சைடு) கலந்து, 1,600 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டெடுத்த பொருள் அது. விரிசல் ஓடிவரும்போது அதன் முனையருகே உள்ள சிர்கோனியாத் துகள்கள் படிக வடிவம் மாறி, 4 முதல் 5 விழுக்காடு வரை பருமன் பெருக்கின்றன. அந்த நெருக்கலில் விரிசல் மேலே போக முடியாமல் நின்றுவிடுகிறது. வெட்டுக்கருவி முனைகளிலும் செயற்கை இடுப்பு மூட்டின் பந்துகளிலும் இந்தக் கலவை இடம்பிடித்ததற்கு இதுவே காரணம்.

முதலில் ‘ஜர்னல் ஆஃப் தி அமெரிக்கன் செராமிக் சொசைட்டி’. 1898-இல் தொடங்கிய சங்கம். 1918 முதல் வெளிவரும் இதழ். இங்கே எதைச் சான்றாக ஏற்பார்கள் என்பதற்கு அந்த இதழிலேயே நடந்த ஒரு விவாதம் நல்ல உதாரணம். மெருகேற்றிய பரப்பில் விக்கர்ஸ் வைர முனையை அழுத்தினால் சதுரத் தழும்பு விழும். அதன் நான்கு மூலைகளிலிருந்தும் மயிரிழை போல விரிசல்கள் கிளம்பும். அவற்றின் நீளத்தை நுண்ணோக்கியில் அளந்து ஒரு சூத்திரத்தில் இட்டால், விரிசலைத் தாங்கும் திறனுக்கு ஓர் எண் கிடைத்துவிடும். சிறு வில்லை ஒன்று போதும். வேலையும் சீக்கிரம் முடியும். மிகப் பரவலாகப் பயன்படும் சூத்திரத்தை ஆன்ஸ்டிஸ் குழுவினர் 1981-இல் இதே இதழில்தான் வெளியிட்டார்கள். 2007-இல் குவின், பிராட் இருவரும், அந்த முறையில் கிடைக்கும் எண்ணை விரிசல் தாங்குதிறன் என்று ஏற்கக் கூடாது என இதே இதழில் வாதிட்டார்கள். தழும்பைச் சுற்றி விரிசல் கிளைக்கும் விதம் பொருளுக்குப் பொருள் மாறுகிறது. ஒரே சூத்திரம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அதற்குப் பிறகும் விக்கர்ஸ் எண்ணை மட்டும் நம்பி, ‘தாங்குதிறன் கூடியது’ என்று எழுதி இங்கே அனுப்புவது வீண் முயற்சி.

இங்கே அனுப்ப வேண்டுமானால் வில்லைகள் போதாது, சட்டங்கள் வேண்டும். 3 மில்லிமீட்டர் தடிப்பு, 4 மில்லிமீட்டர் அகலம், 45 மில்லிமீட்டர் நீளம் கொண்ட சட்டங்களை வெட்டி, விளிம்புகளைச் சாய்வாகத் தேய்த்துவிட வேண்டும். தேய்க்காவிட்டால் விளிம்பில் உள்ள சிறு சிதைவிலிருந்தே சட்டம் உடைந்துவிடும். அப்போது கிடைப்பது வெட்டிய விதத்தின் பலவீனமே தவிர, பொருளின் வலிமை அல்ல. பிறகு சவர அலகில் வைரப் பசை தடவி நுண்ணிய பிளவு ஏற்படுத்தி, நான்கு புள்ளி வளைப்பில் உடைக்க வேண்டும். வலிமை சட்டத்துக்குச் சட்டம் எவ்வளவு மாறுகிறது என்பதை வெய்புல் என்ற புள்ளியியல் முறையில் சொல்வதானால் 30 சட்டங்களாவது வேண்டும். வைரச் சக்கரம் இல்லாத ஆய்வகத்துக்கு இது பெரிய செலவு. அதனால்தான் பொடியை அச்சில் போடும் முன்பே இதழை முடிவு செய்யச் சொல்கிறேன்.

கட்டுரை பருமனாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் ரிஷி ராஜ் குழுவினர், மின்புலத்தின் உதவியோடு 850 டிகிரியில் 5 விநாடிகளுக்குள் சிர்கோனியாவை இறுகச் செய்ததை 2010-இல் இந்த இதழில் சிறு கட்டுரையாகத்தான் வெளியிட்டார்கள். அதிலிருந்து ஒரு தனி ஆய்வுத் துறையே கிளைத்தது.

1989 முதல் வரும் ‘ஜர்னல் ஆஃப் தி யூரோப்பியன் செராமிக் சொசைட்டி’ வேறு வகையில் கண்டிப்பானது. தயாரிக்கும் முறை, நுண்கட்டமைப்பு, பண்புகள் ஆகிய மூன்றுக்கும் இடையிலான தொடர்பை, பிற பொருள்களுக்கும் பொருந்தும் அறிவாகச் சொல்ல வேண்டும். பொருளும் உயர்வெப்பத்தில் சுட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். பொடியைத் தயாரித்து எக்ஸ்-கதிர் சோதனையோடு நிறுத்திக்கொண்ட கட்டுரைக்கு இங்கே இடமில்லை. ‘சிர்கோனியாவை 10, 15, 20 விழுக்காடு சேர்த்தோம், 15-இல் நல்ல முடிவு’ என்ற அட்டவணையும் போதாது. 15-இல் ஏன் என்பதற்குத் துகள் அளவையும் படிக வடிவ மாற்றத்தையும் காட்டி விடை சொல்ல வேண்டும். விடை கையில் இருக்கிறது, சட்டங்கள் குறைவு என்றால் நான் அமெரிக்க இதழை விட்டு இதைத்தான் முதலில் முயல்வேன்.

‘செராமிக்ஸ் இன்டர்நேஷனல்’ 1975-இல் ‘செராமுர்ஜியா இன்டர்நேஷனல்’ என்ற பெயரில் தொடங்கியது. இப்போது ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான கட்டுரைகளை வெளியிடுகிறது. பொடி, மென்படலம், உயிரிப் பொருள் என எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. பதிலும் பொதுவாக விரைவாக வரும். கடந்த சில ஆண்டுகளாக இதன் தாக்கக் காரணி 5-க்கு மேல். அமெரிக்க இதழுடையது 4-க்குக் கீழ். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு அமெரிக்க இதழைவிட இது உயர்ந்தது என்று மாணவர்களிடம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தவறான வழிகாட்டுதல் அது. தாக்கக் காரணி, இதழின் கட்டுரைகள் அண்மையில் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதன் சராசரி மட்டுமே. உங்கள் கட்டுரையைத் துறை வல்லுநர் படிப்பாரா என்பதை அது சொல்லாது. கவனமாகச் செய்த, ஆனால் புதிய விளக்கம் எதுவும் தராத கலவை ஆய்வுக்கு இந்த இதழ் நேர்மையான இடம்தான். அவ்வளவு கட்டுரைகளுக்கு நடுவே கண்ணில் படத் தலைப்பும் சுருக்கமும் கூர்மையாக இருக்க வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை இந்த மூன்றும் ஒன்றுதான். சந்தா வழியில் வெளியிட ஆசிரியருக்குக் கட்டணம் இல்லை. யாரும் இலவசமாகப் படிக்கும் திறந்த அணுக்கம் வேண்டுமானால் மட்டும் பெருந்தொகை. 2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில், மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 30 பதிப்பகங்களின் இதழ்களை மத்திய, மாநில அரசு நிறுவனங்களில் படிக்க முடிகிறது. சுயநிதிக் கல்லூரி மாணவர்களுக்கு அந்த வசதி கிடைக்காதது எனக்குப் பெரிய வருத்தம்.

அந்த மாணவர்களும் படிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் செர்பியாவின் நோவி சாட் நகரிலிருந்து வரும் ‘ப்ராசஸிங் அண்ட் அப்ளிகேஷன் ஆஃப் செராமிக்ஸ்’ இதழைப் பார்க்கலாம். எழுதுபவருக்கும் கட்டணம் இல்லை, படிப்பவருக்கும் இல்லை. ஆண்டுக்கு நான்கு இதழ்கள்தான் என்பதால் பொறுமை வேண்டும். இந்திய அறிவியல் அகாதெமி 1979 முதல் பெங்களூரிலிருந்து வெளியிடும் ‘புல்லட்டின் ஆஃப் மெட்டீரியல்ஸ் சயின்ஸ்’ கட்டுரைகளையும் அகாதெமியின் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

இந்திய செராமிக் சொசைட்டியின் ‘டிரான்சாக்ஷன்ஸ்’ 1942 முதல் வருகிறது. அலுமினா–சிர்கோனியா கட்டுரைக்கு இதை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன். ஆனால் சேலம் மாக்னசைட்டில் செய்த உலைச் செங்கல், விருத்தாசலத்துப் பீங்கான் கலவையில் ஃபெல்ட்ஸ்பாருக்கு மாற்று போன்ற ஆய்வுகளை வெளிநாட்டு இதழ்களின் வரிசையில் நிறுத்தி ஏங்க வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உலைப்பொருள் ஆலைப் பொறியாளரும் கொல்கத்தா மத்திய கண்ணாடி, செராமிக் ஆய்வு நிறுவனத்து ஆய்வாளரும் பார்க்கும் இதழில்தான் அவை வர வேண்டும்.

ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம், பணம் அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களை ஒப்பீட்டிலேயே சேர்க்க வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) ஏற்கத்தக்க இதழ்களின் பட்டியலான யுஜிசி-கேர் 2025-இல் கைவிடப்பட்ட பிறகு, இதழைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு வழிகாட்டியின் தலையில் விழுந்திருக்கிறது. 2022 விதிமுறைகளில் முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிடுவது கட்டாயம் என்ற நிபந்தனையை யுஜிசி நீக்கிவிட்டது. பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம் என்பதால் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நிராகரிப்புக் கடிதத்தோடு, வேறோர் இதழுக்கு மாற்றித் தரட்டுமா என்ற கேள்வியும் சில சமயம் வரும். அந்த இதழ் கட்டணம் வாங்குவதா என்று பார்த்த பிறகே சம்மதியுங்கள். மதிப்பீட்டாளர் சுட்டிய குறைகளைச் சரிசெய்யாமல் அடுத்த இதழுக்கு அனுப்பவும் வேண்டாம். சிர்கோனியாவில் வேலை செய்பவர்களின் வட்டம் சிறியது. அதே கட்டுரை அதே மதிப்பீட்டாளரிடமே போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.