மறுபக்கத்தையும் எடுப்பதா, வைத்துக்கொண்டு கண்காணிப்பதா?

2019-இல் இடது மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது எனக்கு வயது 44. ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு கட்டிகள் இருந்ததால் அந்தப் பக்கத்தை முழுவதுமாக எடுக்க வேண்டியதாயிற்று. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. யோசனையெல்லாம் வலது பக்கத்தைப் பற்றித்தான். நோயே இல்லாத அந்த மார்பையும் கையோடு எடுத்துவிடலாமா, அல்லது மாத்திரை போட்டுக்கொண்டு வருடா வருடம் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) பார்த்துக்கொண்டு இருக்கலாமா?

நான் வைத்துக்கொண்டேன். என்னோடு கல்லூரியில் படித்த தோழி, இப்போது டெக்சஸில் இருப்பவள், எனக்கு ஒன்றரை வருடம் முன்பு இதே நோய்க்கு இரண்டையும் எடுத்துக்கொண்டவள். "எடுத்துத் தூக்கிப் போடுடி, அப்புறம் நிம்மதியாத் தூங்கலாம்" என்று போனில் சொன்னாள். அவள் ஊரில் இது அபூர்வமும் இல்லை. ஒரு மார்பில் மட்டும் புற்றுநோய் வந்த அமெரிக்கப் பெண்களில் இரண்டையும் எடுத்துக்கொண்டவர்கள் 2002-இல் 100-க்கு 4 பேர். 2012-இல் 12 பேருக்கு மேல்.

இரண்டிலும் தெரிந்த சங்கதிகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அறுவை என்றால் காயம் இரண்டு, வடிகுழாய் இரண்டு பக்கமும், ஆற நாளாகும். நெஞ்சு மரத்துப்போகும், அந்த உணர்ச்சி பெரும்பாலும் திரும்பாது. கண்காணிப்பு என்றால் செலவு, அலைச்சல், ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் முன்னால் தூக்கமில்லாத இரவு. எடுத்துவிட்டால் மறுபக்கத்தில் வரும் ஆபத்து சுமார் 90 சதவீதம் குறைகிறது. முழுவதும் போய்விடாது, தோலுக்கடியில் கொஞ்சம் திசு தங்கிவிடும்.

எந்த ஆபத்து 90 சதவீதம் குறைகிறது என்பதில்தான் நான் ரொம்ப நாள் குழம்பினேன். 'மறுபடி வருவது' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, பழைய நோயின் அணுக்கள் முன்பே தப்பிப்போய் எலும்பிலோ நுரையீரலிலோ ஈரலிலோ தலைகாட்டுவது. இன்னொன்று, மறு மார்பில் அடியிலிருந்து புதிதாக ஒரு புற்றுநோய் முளைப்பது. வலது மார்பை எடுப்பது இந்த இரண்டாவதை மட்டும்தான் தடுக்கும். இடது பக்கத்திலிருந்து ஏற்கெனவே ஏதாவது கிளம்பியிருந்தால் அதற்கு வலது பக்கம் இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அந்த முதல் வகை.

சரி, இரண்டாவதற்கு எவ்வளவு வாய்ப்பு? மரபணுக் கோளாறு இல்லாத பெண்களுக்கு வருடத்துக்குச் சுமார் அரை சதவீதம். பத்து வருடத்தில் 100 பேரில் ஐந்து பேர். என்னுடையது ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் பாசிட்டிவ் வகை, அதாவது ஹார்மோனைத் தின்று வளர்வது. இந்த வகைக்கு டமாக்சிஃபென் மாத்திரையை ஐந்து வருடம் ஒழுங்காகப் போட்டால் மறுபக்கத்தில் புதிதாக வருவது ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது. ஐந்து என்பது மூன்றாகிறது. அதே மாத்திரை முதல் நோயால் சாகும் ஆபத்தையும் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது.

என் முடிவு இங்கேதான் உறுதியானது. தோழி சொன்னதில் என்னை இழுத்தது 'ஒரேயடியாக முடிந்துவிடும்' என்ற நம்பிக்கை. ஆனால் அவளுடையதும் ஹார்மோன் வகை. இரண்டையும் எடுத்த பிறகும் அவள் தினமும் அதே மாத்திரையைத்தான் போடுகிறாள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை புற்றுநோய் மருத்துவரைப் போய்ப் பார்க்கிறாள். அவளுக்கு இனி வேண்டாம் என்று ஆனது மேமோகிராம் ஒன்றுதான். எப்படியும் பத்து வருடம் மாத்திரை போடத்தான் போகிறேன், அதுவே வலது பக்கத்துக்கும் காவல் இருக்கிறது என்றால், கூடுதலாக ஒரு கத்தி எதற்கு?

நான் முடிவெடுத்து ஐந்து வருடம் கழித்து, 2024-இல், அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டை வைத்து ஓர் ஆய்வு வந்தது. கட்டியை மட்டும் எடுத்தவர்கள், ஒரு மார்பை எடுத்தவர்கள், இரண்டையும் எடுத்தவர்கள் என்று மூன்று குழு, குழுவுக்கு 36,000 பேர். மறுபக்கத்தில் புற்றுநோய் வந்தது முதல் குழுவில் 766 பேருக்கு, கடைசிக் குழுவில் 97 பேருக்கு மட்டும். ஆனால் 20 ஆண்டுக் கணக்கில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் முறையே 16.3, 16.7, 16.7 சதவீதம். வித்தியாசமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். படித்துவிட்டு அவளுக்கு அனுப்பலாமா என்று நினைத்து, அனுப்பவில்லை.

ஆனால் மாத்திரையை நம்பித் தேர்ந்தெடுத்தால் மாத்திரையைப் போட வேண்டும். பாதியில் விட்டவர்கள் ஏராளம், காரணமும் இருக்கிறது. உடம்பு திடீரென்று குப்பென்று கொதித்து வேர்க்கும். எனக்கு முதல் வருடம் நடு இரவில் இரண்டு முறை ஜாக்கெட் மாற்ற வேண்டியிருந்தது. காலில் ரத்தம் உறைவது, மாதவிலக்கு நின்றவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் ஆகியவற்றின் வாய்ப்பும் கொஞ்சம் கூடுகிறது. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ, நின்ற மாதவிலக்கு திரும்ப எட்டிப் பார்த்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும்.

எனக்கு ஆன சோதனை வேறு. கீமோ முடிந்து மனசு சோர்ந்து கிடந்தபோது ஒரு மனநல மருத்துவர் ஃப்ளூவாக்ஸ்டின் எழுதிக் கொடுத்தார். நல்ல மருந்துதான். ஆனால் டமாக்சிஃபென் உடம்புக்குள் போய் வேறொன்றாக மாறினால்தான் முழுசாக வேலை செய்யும். அந்த மாற்றத்தை ஃப்ளூவாக்ஸ்டினும் அதே வகை மருந்தான பராக்ஸ்டினும் மறிக்கின்றன. இரண்டு மாதம் கழித்து என் புற்றுநோய் மருத்துவர் சீட்டைப் பார்த்துத்தான் மாற்றினார். அன்றிலிருந்து எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராகவே இருந்தாலும், முதலில் இந்த மாத்திரைப் பெயரைச் சொல்லிவிடுவேன்.

மறக்காமல் இருக்க என் வழி எளிது: மாத்திரை போட்ட பிறகுதான் தினசரி காலண்டரில் தாள் கிழிப்பேன். கிழிக்காத தாள் இருந்தால் வீட்டில் யாராவது கத்துவார்கள்.

மேமோகிராமுக்கு ஒரு குறிப்பு: பழைய ஃபிலிம்களைக் கையோடு கொண்டு போங்கள். மூன்றாவது வருடம் எனக்கு ஒரு புள்ளி தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய வருடப் படம் அந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கவில்லை, என்னிடமும் இல்லை. அல்ட்ராசவுண்ட், பயாப்ஸி, பதினொரு நாள் காத்திருப்பு. கடைசியில் சாதாரண ஃபைப்ரோஅடினோமா, புற்றுநோயல்லாத கட்டி. அந்தப் பதினொரு நாளில் தோழி சொன்னதே சரி என்று பலமுறை நினைத்தேன், மறைக்கவில்லை.

இந்தக் கணக்கெல்லாம் இருவருக்குப் பொருந்தாது. ஒருவர், ட்ரிபிள் நெகட்டிவ் வகை, அதாவது ஹார்மோனை நம்பி வளராத வகை வந்தவர். அவருடைய நோய்க்கு இந்த மாத்திரை வேலை செய்யாது. இன்னொருவர், பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் கோளாறு உள்ளவர்; பரம்பரையாக வரும் இந்தக் கோளாறு மார்பிலும் சினைப்பையிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. பி.ஆர்.சி.ஏ.1 என்றால் 20 வருடத்தில் மறுபக்கத்தில் வரும் வாய்ப்பு 40 சதவீதம், பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 26. அந்த எண் எனக்கு வந்திருந்தால் நானே இரண்டையும் எடுக்கச் சொல்லியிருப்பேன், தயங்கியிருக்க மாட்டேன். அதனால் மறு மார்பைப் பற்றி முடிவெடுக்கும் முன் இந்த மரபணுவுக்கான ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள், முக்கியமாக 50 வயதுக்குள் நோய் வந்திருந்தால். "எங்க அம்மா பக்கம் யாருக்கும் இல்லையே" என்று நானும் சொன்னேன். அப்பா வழியாகவும் அது இறங்கும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான், வயிற்றுக் கட்டி என்று மட்டும் சொல்லப்பட்டு 50 வயதில் இறந்துபோன அத்தை நினைவுக்கு வந்தார். சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கலாம். எனக்கு முடிவு நெகட்டிவ் என்று வர ஒரு மாதம் ஆனது. அதன் பிறகுதான் சம்மதப் படிவத்தில் இடது பக்கத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட்டேன்.

செயற்கையாக மார்பு அமைத்துக்கொள்வது பற்றி எனக்கு அனுபவம் இல்லை, தோழி சொன்னதுதான். அவளுக்கு சிலிகான் இம்ப்ளாண்ட். ஒரு பக்கம் சீழ் பிடித்து இரண்டாவது முறை திறந்தார்கள். ஆனால் இப்போது இரண்டும் சமமாக இருக்கிறது, துணி போட்டால் தெரிவதில்லை என்கிறாள். அதில் எனக்குப் பொறாமைதான். ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் வெறுமை என்பது தோளையும் முதுகையும் இழுக்கிறது. சிலிகான் பேட் வெயிலில் வேர்த்து நழுவுகிறது. எங்கள் தெரு டெய்லர் அக்கா இடது கப்பில் பஞ்சு வைத்துத் தைத்துத் தருவார். மூன்று ஜாக்கெட்டுக்கு ஒன்று சரியாக உட்காரும்.