இரட்டைக்குழல்: பக்கத்தில் பக்கமா, மேலும் கீழுமா?

நம் குமரி மாவட்டத்தில் ரவைத் துப்பாக்கியை (சின்னச் சின்ன ஈய ரவைகளைச் சிதறவிடும் ஷாட்கன்) நேரில் பார்க்க நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு வங்கி வாசலுக்குப் போனால் போதும். காவலாளி தோளில் தொங்குவது பெரும்பாலும் 12 போர். குலசேகரம், அருமனைப் பக்கம் பழைய தோட்டக்காரர் வீடு சிலவற்றிலும் தாத்தா காலத்துத் துப்பாக்கி இருக்கும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் வாங்கி வருவார்கள். அப்படி ஒன்று கைக்கு வந்து சேர்ந்தவர்களும், விளையாட்டுக்காக வாங்க நினைப்பவர்களும் கேட்பது ஒரே கேள்விதான்: எது நல்லது?

முதலில் லைசென்ஸில் உள்ள எழுத்துகள். எஸ்.பி.பி.எல். என்றால் ஒற்றைக்குழல், டி.பி.பி.எல். என்றால் இரட்டைக்குழல். இரண்டிலும் தோட்டாவைப் பின்பக்கம் வழியாகப் போடுவது. 12 போர் என்பதற்குக் கணக்கு உண்டு: குழலின் உள்விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டு 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு. மில்லிமீட்டரில் சுமார் 18.5. அதனால்தான் 20 போர் என்பது 12 போரைவிடச் சிறியது.

ஒற்றைக்குழலை அதிகம் அலச வேண்டாம். எடை குறைவு, விலை குறைவு. எடை குறைந்ததால் தோளில் உதை அதிகம். ஒரு வெடிக்கு மேல் கிடையாது.

உண்மையான போட்டி இரட்டைக்குழலுக்குள்தான். குழல்கள் பக்கத்தில் பக்கமாக இருப்பது பழைய வகை, மேலும் கீழுமாக இருப்பது இன்னொன்று. இரண்டையும் திறப்பது ஒரே மாதிரிதான். மேலே உள்ள லீவரைக் கட்டைவிரலால் வலப்பக்கம் தள்ளினால் குழல்கள் கீலில் மடிந்து முன்பக்கம் தாழும். தோட்டா உட்காரும் அறைகள் இரண்டும் கண்ணுக்குத் தெரியும். எக்ஸ்ட்ராக்டர் வைத்தது தோட்டாவைச் சற்றே தூக்கிக் கொடுக்கும், விரலால் நாம்தான் எடுக்க வேண்டும். எஜெக்டர் வைத்தது வெடித்த தோட்டாவைத் தானே வெளியே வீசும். பழைய துப்பாக்கிகளில் குதிரை இரண்டும் (தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்திகள்) வெளியே தெரியும். இப்போதைய வகைகளில் உள்ளே மறைந்திருக்கும்.

மேல்-கீழ் வகையில் கீழ்க்குழல் ஆழத்தில் இருப்பதால் தோட்டா போட இன்னும் அகலமாக மடிக்க வேண்டும். ஆனால் குறி பார்க்கக் கண்ணுக்கு முன்னால் ஒரே ஒல்லிக் கோடு, முனையில் குறிக்கு ஒரு குட்டி உருண்டை மணி. வழக்கமாக முதலில் வெடிக்கும் கீழ்க்குழலின் உதை தோளை நேராகத் தாக்குவதால் முனை அதிகம் துள்ளாது, இரண்டாவது வெடிக்குக் குறி சீக்கிரம் கிடைக்கும். பறக்கும் களிமண் தட்டைச் சுடுகிற டிராப், ஸ்கீட் போட்டிகளில் இதுதான் ராஜா. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப்பில் களமிறங்கிய நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமானின் களம் அது.

பக்கவாட்டு வகைக்குச் சாதகம் விசையில், அதாவது விரலால் இழுக்கும் டிரிகரில். பெரும்பாலானவற்றில் இரண்டு விசை. முன்விசை வலக்குழலுக்கு, பின்விசை இடக்குழலுக்கு. வலக்குழலின் முனை சற்று விரிவாகவும் இடக்குழலின் முனை ஒடுங்கியும் இருக்கும். இந்த ஒடுக்கத்துக்குத்தான் சோக் என்று பெயர். ஃபுல் சோக்கில் முனை ஏறத்தாழ 1 மி.மீ. ஒடுங்கும், 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் ரவையில் சுமார் 70 சதவீதம் விழும். ஒடுக்கமே இல்லாத சிலிண்டரில் சுமார் 40. ஆக, விரலை நகர்த்தினாலே கிட்டத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று.

ஒற்றை விசை வைத்த மேல்-கீழ் துப்பாக்கிகளில் பலவும், முதல் வெடியின் உதையை வைத்துத்தான் அடுத்த குழலுக்கு மாறும். முதல் தோட்டா வெடிக்காமல் போனால் உதையும் இல்லை, இரண்டாவதும் வெடிக்காது. இரண்டு பருவமழையும் பெய்து, தோட்டா நமத்துப்போகக்கூடிய ஊரில் இது சின்ன விஷயமில்லை.

பம்ப் ஆக்‌ஷன்? குழலுக்கு அடியில் ஒரு நீளக் குழாயில் தோட்டாக்கள் வரிசையாக இருக்கும். முன்கட்டையைப் பின்னால் இழுத்தால் பழையது வெளியேறும், முன்னால் தள்ளினால் புதியது ஏறும். வேகம் உண்டு. எனக்குப் பிடிக்காத காரணம் ஒன்றே: உள்ளே தோட்டா இருக்கிறதா என்பது எதிரில் நிற்பவருக்குத் தெரியாது. மடித்து வைத்த இரட்டைக்குழல் பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெளிவாகத் தெரியும். சேஃப்டி பொத்தானைவிட எனக்கு அந்த மடிப்பின் மேல்தான் நம்பிக்கை; பல துப்பாக்கிகளில் அந்தப் பொத்தான் விசையை மட்டும்தான் தடுக்கும். உப்புக்காற்றில் துரு பிடித்தாலும் பம்பைப் பிரித்தால்தான் தெரியும். மடிக்கிற வகையில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் குழல் முழுக்கத் தெரிந்துவிடும்.

என் தீர்ப்பு: தட்டு சுட மேல்-கீழ், வீட்டிலோ வாசலிலோ காவலுக்குப் பக்கவாட்டு.

தாத்தாவின் துப்பாக்கி என்றால் முதலில் வாரிசின் பெயரில் லைசென்ஸுக்கு கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பம். அப்புறம், முன்கட்டையைக் கழற்றிக் குழலைப் பிரித்து, அடியில் உள்ள தட்டையான இடத்தில் அறையின் நீளம் பொறித்திருக்கிறதா என்று துப்பாக்கிக் கடையில் பார்க்கச் சொல்லுங்கள். பழையவை பலவும் 65 மி.மீ. தோட்டாவுக்கானவை. 70 மி.மீ. தோட்டாவும் அதில் சிக்கலில்லாமல் நுழைந்துவிடும், ஏனென்றால் முனை மடித்த நிலையில் அது நீளம் குறைவு. வெடிக்கும்போது அந்த மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறிவிடும்.