கூகுள் ஃபாண்ட்ஸ் தமிழ்ப் பிரிவு: இலவசத்தை விட உரிமம்தான் பெரிது

கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ், கடை போர்டு என்று அடித்துத் தள்ளும் டிடிபி கடைக் கணினிகளில் எழுத்துருக்களுக்குப் பஞ்சம் இருக்காது. அதில் எது காசு கொடுத்து வாங்கியது, எது யாரோ ஒருவருடைய பென் டிரைவில் வந்து ஏறியது என்று கேட்டால்தான் பதில் வராது. இணையத்தில் ‘இலவசம்’ என்று கிடைப்பவற்றிலும் பல, சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம். காசு வாங்கிக்கொண்டு அடிக்கும் பத்திரிகை அதில் சேராது. இந்தத் தலைவலி வேண்டாம் என்பவர்கள் கூகுளின் இலவச எழுத்துருத் தளமான கூகுள் ஃபாண்ட்ஸின் தமிழ்ப் பிரிவுக்குப் போகலாம்.

இறக்கும் ஜிப் கோப்பைப் பிரித்ததும் எழுத்துருவோடு ஓஎஃப்எல் என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் கோப்பு இருக்கும். யாரும் திறப்பதில்லை, ஆனால் சரக்கு அதில்தான் இருக்கிறது. எஸ்ஐஎல் அமைப்பு எழுதிய திறந்த எழுத்துரு உரிமம் அது, இப்போதைய 1.1 பதிப்பு 2007இல் வந்தது. வணிக வேலைக்குப் பயன்படுத்தலாம், எத்தனை கணினியிலும் போடலாம், அச்சகத்துக்கும் அனுப்பலாம். அச்சில் நன்றி போடவேண்டிய கட்டாயமும் இல்லை (புத்தகம் என்றால் உரிமைப் பக்கத்தில் எழுத்துருவின் பெயரையும் வடிவமைத்தவர் பெயரையும் ஒரு வரி போடுவது மரியாதை). எழுத்துருவைத் தனியாக விற்கக்கூடாது. திருத்தி வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில்தான் விடவேண்டும். மூல ஆசிரியர் ஒதுக்கி வைத்த பெயர் இருந்தால் அதைச் சூட்டக்கூடாது. யூனிகோட் எழுத்துருவைப் பாமினி என்ற பழைய குறியாக்கத்துக்கு மாற்றி, அதே பெயரில் சுற்றுக்கு விடுபவர்கள் சறுக்குவது இங்கேதான். தளத்தில் எல்லாமே ஓஎஃப்எல் அல்ல, அப்பாச்சி உரிமத்தில் உள்ளவையும் உண்டு. ஆகவே ஒவ்வொன்றின் கோப்பையும் பார்த்துவிடுங்கள்.

லோகோவுக்கும் தடையில்லை. ஆனால் அதே எழுத்துருவை எதிர்க்கடைக்காரரும் நாளைக்கே எடுக்கலாம். ‘உங்களுக்கு மட்டும்’ என்று வாடிக்கையாளரிடம் சொல்லி விற்பது ஏமாற்று.

சரக்கு எப்படி? போர்டு வேலைக்கு முதலில் எக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழுவின் அனெக் தமிழ். தமிழ்ச் சொற்கள் நீளம். ‘திருநாவுக்கரசு பாத்திரக்கடை’யை ஆறடிப் பலகையில் அடக்க, எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்கினால் நெடுக்குக் கோடுகள் மெலிந்து நோஞ்சானாகத் தெரியும். அனெக்கில் அகலத்தையே 75 முதல் 125 சதவீதம் வரை மாற்றலாம், கோட்டின் தடிமன் கெடாது. காட்டமரானில் ஒன்பது தடிமன்கள், முக்தா மலரில் ஏழு. இலங்கையின் தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவனார், சாய்ந்த கையெழுத்துச் சாயலில் வாழ்த்து அட்டைக்குப் பொருந்தும். மீரா இனிமை படிக்கச் சுகம், ஆனால் ஒரே தடிமன். மென்பொருளின் போல்டு பொத்தானை அழுத்தினால் சின்ன அளவில் ண, ஞ சுழிகள் அடைத்துக்கொள்ளும். தலைப்புக்கு வேறு குடும்பத்தை எடுங்கள்.

அலங்கார வகைதான் பெரிய குறை. பழைய சினிமா போஸ்டர் பாணி, தூரிகை எழுத்து என்று தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும்.

அடுத்த தொல்லை மென்பொருளில். பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் ‘கொ’ அடித்தால் கொம்பு முன்னால் வராமல் பின்னால் ஒட்டுகிறதா? எழுத்துருவைத் திட்டாதீர்கள். விருப்பங்களில் டைப் பகுதிக்குப் போய் வேர்ல்டு ரெடி லேஅவுட்டைத் தேர்ந்து, புதிய கோப்பு திறந்து தட்டுங்கள். இன்டிசைனில் பத்திப் பலகத்தின் மெனுவில் வேர்ல்டு ரெடி கம்போசர். பழைய கோரல்டிராவில் யூனிகோட் தமிழே சரிவராது. கடைகள் பழைய குறியாக்கத்தை விடாததற்கு அதுவும் ஒரு காரணம். அச்சுக்கு அனுப்பும் பிரதியில் எழுத்தைக் கோடாக (அவுட்லைன்) மாற்றுங்கள்: இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல் ஷிஃப்ட் ஓ, கோரலில் கண்ட்ரோல் கியூ. மூலக் கோப்பைத் தனியே வையுங்கள், பிழை திருத்த அதுதான் வேண்டும்.

இணையதளம் செய்பவர்களுக்கு: கூகுள் சர்வரிலிருந்து இழுக்காமல் உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள், உரிமம் இடம் கொடுக்கிறது. வாசகரின் ஐபி முகவரி கூகுளுக்குப் போனதற்காக 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒரு தள உரிமையாளரை 100 யூரோ கட்டச் சொன்னது.

ஏற்கெனவே கணினியில் கிடக்கும் எழுத்துருக்களையும் இதே கையோடு சலித்துவிடலாம். விண்டோஸில் கோப்பின் மேல் வலது சொடுக்கு, ப்ராப்பர்டீஸ், டீடெய்ல்ஸ். காப்புரிமை வரி அங்கே நிற்கும். கோப்பின் பெயரை மட்டும் மாற்றியிருந்தால் உள்ளே பழைய நிறுவனத்தின் பெயர் அப்படியே இருக்கும். அந்த வரியே வெறுமையாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்; அப்படிப்பட்டதை வாடிக்கையாளர் வேலைக்குத் தொடாதீர்கள்.