தீபாவளி உப்புசம்: வீட்டு லேகியமா, கடை லேகியமா, ஓமத் திரவமா, ஈனோவா?

தீபாவளிக்கு லேகியத்தை வீட்டில் கிளறுவதா, கடையில் ஒரு டப்பா வாங்கிக்கொள்வதா, இல்லை பேசாமல் நாலு ஈனோ பாக்கெட்டோடு முடித்துக்கொள்வதா என்ற பேச்சு எங்கள் வீட்டிலும் ஓடியது. கடைசியில் கிளறுவது என்று முடிவாயிற்று. அதனால் இதை நடுநிலையோடு எழுதவில்லை. வீட்டு லேகியத்தின் பக்கம்தான் சாய்ந்திருக்கிறேன்.

முதலில், அன்றைக்கு வயிற்றுக்குள் என்னதான் போகிறது? விடியற்காலை எண்ணெய்க் குளியல், வெறும் வயிற்றில் மைசூர்பாகு, ரெண்டு முறுக்கு. அப்புறம் இட்லியும் கறிக்குழம்பும், கூடவே உளுந்து வடை. பக்கத்து வீட்டுத் தட்டில் பால்கோவா. நெய்யும் எண்ணெயும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். மதியம் வரை நெஞ்சுக்குக் கீழே கல்லாக நிற்பது அதனால்தான். கடலை மாவிலும் உளுந்திலும் இருக்கும் ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளை உடைக்கும் என்சைம் மனிதக் குடலில் கிடையாது. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்துக் காற்றாக்குகின்றன. பால் இனிப்பு சிலருக்கு மட்டும் தொல்லை, லாக்டோஸ் செரிக்காதவர்களுக்கு. ஆக, பாரம், காற்று என்று ரெண்டு விதச் சங்கடம். புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் மூன்றாவது. கையில் எடுக்கிற மருந்து இதில் எதற்கானது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஈனோ மூன்றாவதற்கானது. சோடா உப்பும் சிட்ரிக் அமிலமும்தான் அதன் சாரம். அமிலத்தை மட்டுப்படுத்தும், எரிச்சல் சட்டென்று அடங்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உப்புசத்துக்கு அதைக் குடிக்கிறவர்கள்தான் அதிகம். 5 கிராம் தூள் முழுவதும் பொங்கினால் அரை லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வரும். பெரும்பகுதி டம்ளரிலேயே போய்விடும்; நுரை அடங்குவதற்குள் மடக்கென்று குடித்தால் மிச்சம் வயிற்றுக்குள். பெரிதாக ஒரு ஏப்பம் வந்ததும் "அப்பாடா, இறங்கிடுச்சு" என்கிறோம். அந்த ஏப்பத்தில் கணிசமான பங்கு தூள் கொண்டுவந்த காற்றுதான். காற்றாகப் போகிற வடையின் சர்க்கரை இன்னும் பெருங்குடலுக்கே போய்ச் சேர்ந்திருக்காது.

இன்னொன்று, உப்பு. ஒரு பாக்கெட்டில் 800 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்கிற உச்ச அளவே 2,000 மில்லிகிராம்தான். முறுக்கும் மிக்சரும் ஊறுகாயும் உள்ளே போன நாளில், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களுக்கு இதையும் கரைத்துக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நெஞ்சு அழுத்தத்தோடு வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி என்றால் எந்த டம்ளரையும் தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். பண்டிகை நாளில் "கேஸ்தான்" என்று உட்கார்ந்திருப்பது ரொம்ப சகஜம் என்பதால் சொல்கிறேன்.

ஜெலுசில் வகையறாவும் அமிலத்துக்கானதே. அதில் சேரும் சிமெத்திகோன் மட்டும் காற்றுக் குமிழிகளை ஒன்றுசேர்த்து வெளியேறச் செய்யும். காற்று உண்டாவதைத் தடுக்காது.

ஓமத் திரவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. சர்க்கரை கிடையாது, செலவும் கம்மி. குடித்த கொஞ்ச நேரத்தில் பிடித்திருந்த வயிறு இளகுவது தெரியும். ஓமத்தின் அந்தக் காட்டமான வாசனைக்குக் காரணமான தைமால்தான் வேலையைச் செய்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் அதன் பலன் சீக்கிரம் கரைந்துவிடுகிறது. இரவு மறுபடி பாட்டிலைத் தேட வேண்டியிருக்கிறது. சாப்பிட்டு அவஸ்தைப்பட்ட பிறகு குடிக்க நல்லது, அவ்வளவுதான்.

லேகியத்தின் வசதியே அது முந்திக்கொள்வதில் இருக்கிறது. குளித்த கையோடு, பட்சணத்தில் வாய் வைப்பதற்கு முன்னால், ஒரு சிறு உருண்டை. சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், தனியா என்று உள்ளே இருப்பதெல்லாம் செரிமானத்துக்கு வழிவழியாகக் கொடுத்து வந்தவை. இஞ்சி இரைப்பையைச் சீக்கிரம் காலியாக்குகிறது என்பதைச் சிறு ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. நெய்யால் வரும் பாரத்துக்கு வேண்டியது அதுதானே.

சரி, லேகியம் என்று முடிவானபின் ஏன் கடையில் வாங்கக்கூடாது? கிளறுவது அலுப்பான வேலை, தீபாவளி வாரத்தில் அடுப்பு ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. இந்தக் கேள்விக்கு ஒரே பதில், வெல்லம். மற்றதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

கடை டப்பாவைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். உணவுப் பொருளாக விற்பதில் எடை அதிகமானது முதலில் வரவேண்டும் என்பது விதி. நான் புரட்டிப் பார்த்தவற்றில் முதலிடம் வெல்லத்துக்கு, சிலவற்றில் சர்க்கரைக்கு. சுக்கும் திப்பிலியும் பின்வரிசையில். விற்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; காரமாக இருந்தால் யார் வாங்குவார்கள்? ஆனால் இதன் விளைவு ருசியோடு நிற்பதில்லை. இனிப்பான லேகியத்தைப் பிள்ளைகள் கரண்டி கரண்டியாக அள்ளித் தின்கிறார்கள், பெரியவர்களும்தான். மருந்துச் சாமான் குறைவாக இருப்பதால் சிறு உருண்டைக்குப் பலன் தெரிவதில்லை, அதனால் இன்னொரு உருண்டை. இனிப்பே அளவுமீறிய நாளில் இன்னொரு இனிப்பு சேர்ந்ததுதான் மிச்சம். வீட்டில் கிளறினால் வெல்லத்தின் அளவு நம் கையில். காரம் தூக்கலாக வைத்தால் நெல்லிக்காய் அளவுக்கு மேல் யாராலும் தின்ன முடியாது. யாரும் சொல்லாமலே அளவு காக்கப்படும்.

நாங்கள் போட்ட கணக்கு இது. சுக்கு, ஓமம், சீரகம், தனியா ஒவ்வொன்றும் 25 கிராம். மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை ஒவ்வொன்றும் 10 கிராம். எல்லாம் சேர்த்து 140 கிராம் மருந்து. அதற்கு வெல்லம் 150 கிராம், கிட்டத்தட்ட சரிக்குச் சரி. வெல்லம் இதைப்போல இரண்டு பங்கு போடுகிற வீடுகளும் உண்டு. சாமானை வெறும் சட்டியில் லேசாகச் சூடுகாட்டிப் பொடித்துச் சலித்து, வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, பொடியைத் தூவிக் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்க வேண்டும். ஆறியபிறகு தேன். சித்தரத்தையையும் சுக்கையும் இடிகல்லில் நசுக்கிவிட்டுத்தான் மிக்ஸியில் போட வேண்டும், இல்லாவிட்டால் பிளேடு போய்விடும். ஊறவைத்து விழுதாக அரைத்துக் கிளறுகிறவர்களும் உண்டு. அது வழவழப்பாக வரும், ஆனால் நீர் முழுக்கச் சுண்டாவிட்டால் பூசணம் பிடிக்கும். ஈரக் கரண்டி போட்டால் எந்த லேகியமும் கெடும்.

வீட்டு லேகியத்திலும் சர்க்கரை நோயாளிக்குத் தள்ளுபடி ஒன்றும் இல்லை, வெல்லம் வெல்லம்தான். அப்பாவுக்கென்று பாகில் சேர்ப்பதற்கு முன்பே கொஞ்சம் பொடியை எடுத்து வைத்துவிட்டோம். அரை ஸ்பூன், வெந்நீரில். அவர் முகம் சுளித்துக்கொண்டே குடித்தார், ஆனால் அன்று ஓமத் திரவம் கேட்கவில்லை. இது லேகியத்தின் மகிமையா, அவர் ஒரு வடையோடு நிறுத்திக்கொண்டதாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அல்சர் உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்தக் காரம் ஆகுமா என்பதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும், எங்கள் வீட்டு அனுபவம் அதற்குப் போதாது. சில வீடுகளில் அதிமதுரமும் சேர்ப்பார்கள். அளவு கூடினால் ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதால் நாங்கள் விட்டுவிட்டோம்.

கிளற நேரமே இல்லையென்றால், நாட்டு மருந்துக் கடையில் சாமான் வாங்கிப் பொடி மட்டும் செய்துகொள்ளுங்கள் என்பேன். அரை மணி வேலை. "தீபாவளி மருந்து" என்று கட்டி வைத்திருக்கும் பொட்டலத்தை விட ஒவ்வொன்றாக நிறுத்து வாங்குவது நல்லது. கட்டின பொட்டலங்களில் விலை குறைந்த தனியா தாராளமாகவும் திப்பிலி பேருக்கும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். முந்தின நாள் சாயங்காலம் போனால் நிறுத்துத்தர யாருக்கும் நேரம் இருக்காது. ஒரு வாரம் முன்னாலேயே போய்விடுங்கள், திப்பிலியை ஒன்றிரண்டு கடித்தும் பாருங்கள். நாக்கு மரத்துப்போகிற மாதிரி காரம் ஏறவில்லை என்றால் அது பழைய சரக்கு.